வீட்டுக்கு ஒரு சீசா

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தாம்பரம் வட்டாரத்தின் வாசனைகள் மாறிவிடுகின்றன. மூன்று நாளாகக் கொடியில் தொங்கியும் காயாத வேட்டியின் முடை வாடை. கடற்கரையிலிருந்து வரும் மாலை மின்சார ரயிலில் மழைக்குப் பயந்து சன்னல்களை இறக்கிவிட்டு நெருக்கி நிற்கும் மக்களின் நனைந்த உடுப்பு வாடை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தேங்கிய நீரின் சேற்று வாடை. இவற்றையெல்லாம் கடந்து மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் படியேறும்போது, யாரோ ஒருவர் பூசிவந்த அத்தரின் மணம் நம்மை எதிர்கொள்கிறது. சித்திரை வெயிலில் தலைவலியைத் தந்த அதே அத்தர், கார்த்திகை மாலையில் நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது. ஊட்டியில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆயினும் நமக்கு அதுதான் குளிர். அதற்கென்று போர்வையும் உண்டு, மணமும் உண்டு.

அந்த மணம் எது, அது ஆணுக்கா பெண்ணுக்கா என்றொரு கேள்வி சென்ற ஆண்டு என் வீட்டில் எழுந்தது. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் மனைவியின் தம்பி, ஒரு வாசனைச் சீசாவைக் கையில் கொடுத்து, "மச்சான், இது குளிர் காலத்துக்குத்தான். கோடையில் தொடாதீர்கள்" என்றார். தெளித்த உடனே பழுத்த பிளம் பழமும் பேரீச்சம் பழமும் சேர்ந்தாற்போன்ற இனிப்பு. அரை மணி நேரம் கழிந்தால் தேவதாருப் பலகையைச் சீவியதுபோன்ற மர வாசம். இரவு சட்டையைக் கழற்றும்போது அகிலும் சாம்பிராணியும் கலந்ததுபோல் ஓர் எச்சம். பெட்டியின் அடியில் 'யுனிசெக்ஸ்' என்று அச்சிட்டிருந்தார்கள். இருபாலருக்கும் பொது என்று பொருள்.

பழ வாசனை பெண்களுக்கு உரியது என்பது என் மகனின் கட்சி. மர வாசனை ஆண்களுக்கு உரியது என்பது என் மனைவியின் கட்சி. கல்லூரியில் படிக்கும் மகள் கேட்டதுதான் என்னை நிறுத்தியது: "அத்தா, ஆண்கள் பெண்களைப் போலவும் பெண்கள் ஆண்களைப் போலவும் நடப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள் என்று நீங்கள்தானே பாடம் நடத்துகிறீர்கள்? இது அதில் சேராதா?"

மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன் நான். கலைப் பட்டமும் பெற்றவன். ஆகவே என் வீட்டில் இரண்டு அலமாரிகள் உண்டு. இரண்டையும் திறக்க வேண்டியதாயிற்று.

முதல் அலமாரியில் தேடியபோது, இன்றைய கடைக்காரர்கள் பிரிப்பதுபோல் பழம் இவர்களுக்கு, மரம் அவர்களுக்கு என்ற பிரிவினை எங்கும் காணவில்லை. திர்மிதியில் வரும் ஒரு நபிமொழி வேறு விதமாகப் பிரிக்கிறது. ஆணின் நறுமணம் என்பது வாசம் வெளிப்பட்டு நிறம் மறைந்திருப்பது. பெண்ணின் நறுமணம் என்பது நிறம் வெளிப்பட்டு வாசம் மறைந்திருப்பது என்பது அதன் கருத்து. அக்காலத்துப் பெண்கள் பூசிய கலவைகளில் குங்குமப்பூ சேர்ந்திருக்கும். உடுப்பில் மஞ்சளும் சிவப்பும் படியும். ஆண்கள் அந்தக் கறையைத் தவிர்த்தனர். பெண்கள் வெளியே செல்லும்போது வாசம் பிறரை நோக்கிப் பரவாதபடி பார்த்துக்கொண்டனர். வீட்டுக்குள் கணவனுக்காகப் பூசிக்கொள்வதில் அவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஆக, வேறுபாடு பூசிக்கொண்டு எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. சீசாவுக்குள் இருப்பது என்ன என்பதைப் பொறுத்து அது அமையவில்லை.

கஸ்தூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணலாரின் தலை வகிட்டில் கஸ்தூரி மின்னியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்; தம் கையாலேயே அவர்களுக்கு நறுமணம் பூசியதையும் சொல்லியிருக்கிறார்கள். அதே கஸ்தூரி தோய்ந்த பஞ்சைப் பெண்கள் தங்கள் தூய்மைக் குளியலில் பயன்படுத்தும்படியும் நபிமொழியில் வந்திருக்கிறது. ஒரே பொருள், இருபாலருக்கும்.

இன்னும் தெளிவான சான்று ஸஹீஹ் முஸ்லிமில் ஜும்ஆக் குளிப்பைப் பற்றிய பாடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை குளித்து, பல் துலக்கி, கிடைத்த நறுமணத்தைப் பூசிக்கொள்ளச் சொல்லும் நபிமொழியின் ஓர் அறிவிப்பில், அது பெண்ணின் நறுமணமாக இருந்தாலும் சரியே என்ற கருத்தும் சேர்ந்து வருகிறது. வீட்டில் வேறொன்றும் இல்லையென்றால் மனைவியின் சீசாவிலிருந்து ஒரு துளி எடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போகலாம். இதை நான் மகளிடம் படித்துக் காட்டியபோது அவளைவிட அவள் அம்மாவின் முகத்தில்தான் அதிக மலர்ச்சி. ஒரு பாலார் மற்றவரைப் போல் நடப்பது என்ற கண்டனம், அந்தந்தச் சமூக வழக்கத்தில் ஒரு பாலாருக்கே உரியதென்று அடையாளப்பட்டுவிட்ட உடை, நடை போன்றவற்றைப் பற்றியது. வழக்கத்தில் இருவருக்கும் பொதுவாகிவிட்ட மணத்துக்கு அது பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது.

இந்தத் தெளிப்புச் சீசாக்களில் ஆல்கஹால் இருப்பது பற்றிய வினாவும் உடனே வரும். திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் எடுக்கப்படாத ஆல்கஹாலை ஹனஃபி அறிஞர்களில் இக்காலத்தவர் பலர் அனுமதிக்கின்றனர். ஷாஃபிஈ வழியினர் பேணுதலாக நடப்பார்கள். தத்தம் இமாமைக் கேட்டு நடந்துகொள்வதே நன்று. எண்ணெய் அத்தராக வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

இரண்டாவது அலமாரி தமிழ் அலமாரி. அதில் பத்துப்பாட்டு இருக்கிறது, உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்து வெளியிட்ட நூல். அதிலுள்ள நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு குளிர்கால மாலையைக் காட்டுகிறார். மழை விடவில்லை. தென்றல் வரும் சன்னல்களைத் தாழிட்டுவிடுகிறார்கள். குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. வடநாட்டிலிருந்து வந்த சந்தனக்கல் வேலையின்றிக் கிடக்கிறது. குளிர்ச்சி தரும் சந்தனத்துக்கு அந்த மாதங்களில் வேலை இல்லை. அதற்குப் பதிலாகப் பெண்கள் தகர விறகில் நெருப்பு மூட்டி, கரிய வயிரமுடைய அகிலை அதில் இட்டுக் கூந்தலுக்குப் புகை ஊட்டுகிறார்கள். அகிலோடு 'அயிர்' என்ற ஒன்றையும் சேர்க்கிறார்கள். அதற்கு உரையில் சொல்லப்படும் பொருள் கண்டசருக்கரை!

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மர வாசத்தோடு இனிப்பைக் கூட்டிக் குளிர் காலத்தில் அணியும் புதுமையை, துபாய்க் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வைத்து விற்கிறார்கள். மதுரைப் பெண்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கரி அடுப்பில் செய்திருக்கிறார்கள். கீழ்க்காற்றோடு கப்பலில் வந்து இறங்கிய சரக்குகளுள் அகிலையும் கற்பூரத்தையும் சிலப்பதிகாரம் சேர்த்துச் சொல்கிறது. அகிலைத் தனியாகவும், கற்பூரம் சேர்த்தும் புகைப்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் வழக்கம். பெருமானாரும் அவ்வாறே செய்தார்கள் என்று அவர்கள் கூறியதாக முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மதீனாவுக்கும் மதுரைக்கும் ஒரே கடல் ஒரே மரத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

ஊத், ஊது என்று நாம் சொல்வது இந்த அகில்தான். இங்கே ஓர் இடைச்சொல். அத்தர் கடைகளில் சிலர், ஏழு நோய்களுக்கு மருந்தென்று நபிமொழியில் வரும் 'ஊத் ஹிந்தி' இதுவே என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். அந்த நபிமொழி குறிப்பது 'குஸ்த்' என்னும் கோஷ்டம். அது வேறு செடியின் வேர். மருந்துக்காக அகில் எண்ணெய் வாங்கி ஏமாற வேண்டாம். அகிலின் சிறப்பு வேறு. நலமாக வளர்ந்த மரத்தில் அந்த மணம் கிடையாது. பூசணம் தாக்கிக் காயம்பட்ட மரம், தன்னைக் காத்துக்கொள்ள உள்ளே சுரக்கும் கரிய பிசின்தான் மணக்கிறது. அஸ்ஸாம் காடுகளில் இம்மரத்தை வெட்டித் தீர்த்ததால், 1995 முதல் உலக நாடுகளின் உடன்படிக்கையின்படி இதன் வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அஸ்ஸாமின் ஹோஜாய் ஊரைச் சேர்ந்த ஹாஜி அஜ்மல் அலி 1951இல் மும்பையில் தொடங்கிய தொழில் இன்று வளைகுடா முழுவதும் தெரிந்த பெயராக இருப்பதற்கு இந்த மரமே அடித்தளம். சந்தனத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். திப்பு சுல்தான் 1792இல் அதை அரச மரமாக அறிவித்தார். தமிழ்நாட்டில் 2002க்குப் பிறகுதான் தனியார் நிலத்துச் சந்தன மரம் நிலக்காரருக்கு உரிமையாயிற்று. கன்னோசியில் செம்புப் பாத்திரமும் மூங்கில் குழாயும் வைத்து அத்தர் வடிப்பவர்கள்கூட, சந்தன எண்ணெயின் விலை தாங்காமல் வேறு எண்ணெய்களில் மணத்தை இறக்குகிறார்கள். நூறு ரூபாய்க்குச் 'சுத்தச் சந்தன அத்தர்' என்று யாராவது கொடுத்தால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அந்தக் கன்னோசிக்காரர்கள் பருவத்துக்கு ஒரு மணம் வைத்திருக்கிறார்கள். கோடைக்கு வெட்டிவேரும் மண் அத்தரும். குளிருக்குப் பல மூலிகைகளும் வாசனைப் பொருட்களும் சேர்த்து வடிக்கும் ஷமாமா. காரணம் எளிது. மணம் என்பது ஆவியாகி நம் மூக்கை வந்தடையும் பொருள். வெயிலில் உடல் சூடு அதை ஒரேயடியாகக் கிளப்பிவிடுகிறது. இனிப்பும் மரமும் சேர்ந்த கனத்த மணம் புகைமூட்டம்போல் கவிந்து தலையைச் சுற்ற வைக்கிறது. குளிரில் அதுவே சிறிது சிறிதாக எழுகிறது. எலுமிச்சை போன்ற இலேசான வாசங்கள் விரைவில் பறந்துபோக, மரத்தின் வாசமும் பிசினின் வாசமும் மாலைவரை நிற்கின்றன. பழ வாசம் பெரும்பாலும் பழத்திலிருந்து எடுக்கப்படுவது இல்லை. லாக்டோன் என்னும் வகைச் சேர்மங்களுள் ஒன்று பீச் பழம்போல் மணக்கும். அதைக் கொண்டு பிரான்சின் கெர்லேன் நிறுவனம் 1919இல் செய்த 'மிட்சுகோ' இன்றும் பேசப்படுகிறது. பிளம் பழ இனிப்பையும் தேவதாருவையும் இணைத்து ஜப்பானின் ஷிசைடோ 1992இல் பெண்களுக்கென்று ஒரு வாசனையை வெளியிட்டபோது, மரம் ஆண்களுக்கே என்ற எண்ணம் அங்கே ஆட்டங்கண்டது. 1994இல் கால்வின் கிளைன் 'சிகே ஒன்' என்ற ஒரே சீசாவை இருபாலருக்கும் பொதுவென்று விளம்பரம் செய்து விற்றார்கள். அது உலகப் புதுமையாகக் கொண்டாடப்பட்டது.

அந்தப் புதுமை நாகல்கேணியில் எங்கள் வீட்டு மர அலமாரியில் அதற்கு முன்பே இருந்தது. என் அத்தா அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார்கள். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்து மக்களுக்கு அந்த வாடையை விவரிக்கத் தேவையில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய பச்சைத் தோலின் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். வெள்ளிக்கிழமை நண்பகலில் அத்தா குளித்துவிட்டு வந்து, அலமாரியில் மடித்த வெள்ளைத் துணிகளுக்கு இடையிலிருந்து ஒரு சிறு சீசாவை எடுப்பார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் பக்கம் கால் தோலா அளவில் வாங்கிவந்த மஜ்முவா அத்தர். ஒரு துளியைப் பஞ்சில் தோய்த்துக் காது மடலுக்குள் செருகிக்கொள்வார்கள். அதே சீசாவிலிருந்து அம்மாவுக்கு. பெருநாளன்று எங்களுக்கும் மணிக்கட்டில் ஒரு தொடுதல். ஆண் சீசா, பெண் சீசா என்று இரண்டு வாங்க வசதி எங்கே இருந்தது? அந்த மணம் அத்தாவுடையது என்றும் சொல்ல முடியாது, அம்மாவுடையது என்றும் சொல்ல முடியாது. அது எங்கள் வீட்டு மணம். மழை நாளில் அந்த அலமாரியைத் திறந்தால் கிடைத்த நிம்மதியை இன்று எந்தக் கடையிலும் விலைக்குக் கேட்க முடியாது.

இன்னொன்றையும் அத்தாவிடம் கண்டேன். மற்ற நாட்களில் அவர்கள் அத்தரைத் தொட்டால் அது மாலையில், குளித்த பிறகு, வீட்டில் உட்காரும் நேரத்தில்தான். மனைவி தமக்காக அலங்கரித்துக்கொள்வதை விரும்புவதைப் போலவே தாமும் அவருக்காக அலங்கரித்துக்கொள்வதை விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னது அத்தாவுக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் இன்று நம்மில் பலர் அலுவலகத்துக்குப் பூசிக்கொண்டு போய், வீட்டுக்கு வியர்வையை மட்டும் கொண்டுவருகிறோம்.

இனி நான் சொல்லவேண்டிய முக்கியமான செய்திக்கு வருகிறேன். குளிர் கால மணத்தின் குணமே நெடுநேரம் நிற்பது. குளிர் காலத்தில் நாம் செய்வதோ கதவையும் சன்னலையும் அடைப்பது. இவை இரண்டும் சேருமிடத்தில் பிறருடைய உரிமை ஒன்று குறுக்கே வருகிறது.

என் அத்தாவோடு ஒரே தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் ஜமாஅத்தில் இருக்கிறார். சுண்ணாம்பும் இரசாயனமும் சுவாசித்த நெஞ்சு. 2015 டிசம்பர் பெருமழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்த அந்த இரவில், அவர் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றது. சுவரின் ஈரமும் பூஞ்சையும் அகல வெகுகாலம் ஆயிற்று. அதிலிருந்து இளைப்பு அதிகம். சுப்ஹு தொழுகைக்கு முதல் வரிசையில் இடம் பிடிக்கும் அவர், சென்ற கார்த்திகையில் சாரல் தெறிக்கும் வெளித் தாழ்வாரத்தில் தனியே நின்று தொழுதுகொண்டிருந்தார். காரணம் கேட்டேன்.

"மணம் நல்லதுதான் ஹஜரத். சுன்னத்தான காரியம். என் நெஞ்சுக்குத்தான் தாங்கவில்லை. உள்ளே நின்றால் இரண்டாவது ரக்அத்தில் இருமல் வந்துவிடுகிறது, மற்றவர்களுக்கு இடையூறு" என்றார்.

"அதை நீங்கள் சொல்லியிருக்கலாமே, ஹாஜியார்?"

"நறுமணம் கொடுத்தால் பெருமானார் மறுக்க மாட்டார்கள் என்று சின்ன வயதில் ஓதியிருக்கிறேன். நான் எப்படிப் போய் வேண்டாம் என்பது?"

பூண்டும் வெங்காயமும் தின்றுவிட்டுப் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்ற நபிமொழியை நாம் எல்லாரும் அறிவோம். அருகில் நிற்பவருக்கு நோவு உண்டாகக்கூடாது என்பதே அதன் உட்கிடை. பூண்டுக்கு உள்ள நியாயம், ஒரு நோயாளியின் மூச்சை அடைக்கும் ஊதுக்கு இல்லாமல் போகுமா? இதை இமாம் அவர்களிடம் எடுத்துச் சொன்னேன். அடுத்த ஜும்ஆவில் அவர்கள் பெயர் எதுவும் குறிப்பிடாமல் மூன்று நிமிடம் பேசினார்கள்: மழைக்காலத்தில் பள்ளிவாசல் வாசலில் நின்று தெளிக்காதீர்கள், வீட்டிலேயே, புறப்படுவதற்கு அரை மணி முன்னதாக, சட்டைக்கு உள்ளே ஒரு முறை போதும், அருகில் நிற்பவருக்கு நீங்களாக அத்தர் பூசிவிடும் முன் அவரைக் கேளுங்கள். இளைஞர்களில் பாதிப்பேர் கேட்டுக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு இன்னும் சில ஜும்ஆக்கள் ஆகும். பக்கவாட்டுக் கதவை ஒட்டி ஒரு சன்னலைத் திறந்தே வைத்து, அந்த இடத்தை ஹாஜியாருக்கென்று விட்டிருக்கிறோம். சாரல் அடிக்கும் நாளில் மட்டும் அவர் மறுபடி தாழ்வாரத்துக்குப் போய்விடுகிறார்.

என் அனுபவத்தில் மழைக்காலத்துக்கென்று வேறு சில சொல்லலாம். காயாத துணியின் மேல் எந்த மணமும் ஏறாது. முடை வாடையோடு பழ வாசம் சேர்ந்தால் அழுகல் பழம்தான் மிஞ்சும். முதலில் துணி காய வேண்டும். கரிய ஊது எண்ணெயை வெள்ளை ஜுப்பாவில் தொடாதீர்கள், கறை போகாது. காதின் பின்புறமும் மணிக்கட்டும் போதும். காலையில் பூசியது மாலையில் நமக்குத் தெரியவில்லை என்பதற்காக மறுபடி பூசக்கூடாது. நம் மூக்குப் பழகிவிட்டிருக்கும்; பக்கத்தில் இருப்பவர் மூக்குப் பழகியிருக்காது. மகள் வெளியே போகும் நாளில் அந்தச் சீசாவைத் தொடுவதில்லை. விடுமுறைக்கு வந்து வீட்டில் இருக்கும் நாட்களில் அவளும் அவள் அம்மாவும் தாராளமாகவே தொடுகிறார்கள். மகனின் கட்சியும் கரைந்துவிட்டது. ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது அலமாரிப் பக்கம் அவன் நிற்பதைக் காண்கிறேன்.

சீசாவில் இப்போது கால் பங்கு மிச்சம் இருக்கிறது. தை முடியும்வரை வரும் என்பது என் மனைவியின் கணக்கு. பொங்கல் விடுமுறைக்கு மகள் வந்துவிட்டால் வராது என்பது என் கணக்கு.